மேல் டிவிஷன் பால் சைக்கிள்

கையில் இருக்கும் கத்தியை முதலில் கீழே வையுங்கள்.

சைக்கிளில் மோட்டர் பூட்டுகிற கிட் வந்திருக்கிறது என்றால் உடனே பெட்டியைப் பிரித்துப் பார்க்கத்தான் கை பரபரக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மோட்டர் பூட்டிய சக்கரம், பெட்டரி, கன்ட்ரோலர், கலர் கலராக வயர் எல்லாம் அதற்குள் பத்திரமாகப் படுத்திருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் உங்கள் மூளைக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. சிவப்பு வயரைச் சிவப்போடு சேர்க்க யாராலும் முடியும். மூளைக்கு வேலை கொடுப்பது, வாசலில் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பழைய மவுண்டன் சைக்கிள்தான். கிட் விற்கிறவர்கள் அதற்கு என்னவோ ஆங்கிலப் பெயர் சொல்வார்கள். எங்கள் கராஜில் அதைத் தாய்வண்டி என்போம். மோட்டரையும் பெட்டரியையும் ஆளையும் சேர்த்துச் சுமக்கப் போவது அதுதானே.

என்னைப் பற்றி, இந்த வேலை பழக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து, பிறகு அட்டனில் சின்னதாகக் கராஜ் போட்டவன் நான். பல வருடம் திரீவீலும் மோட்டார் சைக்கிளும்தான் பிழைப்பு. பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோமே, அப்போதுதான் ஒருவர் முதன்முதலாகச் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, இதில் மோட்டர் பூட்ட முடியுமா என்று கேட்டார். மலைநாட்டில் சைக்கிளா என்று நான் சிரித்துவிட்டேன்.

சிரித்தது சும்மா இல்லை. நம் தோட்டங்களில் எத்தனை பேருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும்? ஏறினால் மேடு, இறங்கினால் பள்ளம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதை விட வெறுங்கையோடு நடப்பது லேசு. அதனால் சின்ன வயதில் ஓட்டி, விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பழகிய ஆட்கள் நம்மிடம் குறைவு. இதை மறக்காதீர்கள். கொழும்புப் பக்கம் ஒருவர் கிட் பூட்டச் சொன்னால் அவருக்குச் சைக்கிள் தெரியும், மோட்டர் மட்டும்தான் புதுசு. நம்மிடம் வருகிறவருக்கு இரண்டுமே புதுசு.

அப்படி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஏறுமா? பொகவந்தலாவை ரோட்டில் ஏறுமா, இறம்பொடை வளைவில் ஏறுமா, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் மேட்டில் ஏறுமா? நிற்குமா என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! பிறந்ததிலிருந்து மூச்சு வாங்க மேடு ஏறியே பழகிய சனம் நாம். இறக்கம் என்றால் நமக்கு இளைப்பாறுகிற இடம். சக்கரத்துக்கு அப்படி இல்லை என்பது சக்கரத்தில் ஏறும்வரை தெரியாது.

ஒருமுறை பட்டிப்பொலப் பக்கமிருந்து ஒரு மரக்கறித் தோட்டக்காரர் சைக்கிள் கொண்டுவந்தார். அடேயப்பா, என்ன பளபளப்பு! முன்னால் ஸ்பிரிங், பின்னால் ஸ்பிரிங், உடம்பு முழுக்க மின்னல் மாதிரி ஸ்டிக்கர். எனக்கு ஸ்டிக்கரைக் கண்டாலே ஒரு எரிச்சல். ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, இரண்டு குழாயும் சேருகிற இடத்தில் ஒரு ஸ்டிக்கர் மட்டும் மற்றதை விடப் புதுசாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் தலைமயிர் போல ஒரு வெடிப்பு. அவருக்கு அது தெரியாது, விற்றவன் ஒட்டியது. நான் பூட்டமாட்டேன் என்றேன். அவர் கோபத்தில் சைக்கிளைத் தூக்கி லொறியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சில வாரம் கழித்து வேறு ஒரு சைக்கிளோடு, மூஞ்சியை வேறு பக்கம் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போவது கெட்ட விஷயமே இல்லை. கை கால் முழுசாகப் போகிறார் அல்லவா, அது போதும்.

அது சின்னக் கதை. நான் சொல்ல வந்தது ராஜேஸ்வரியின் கதையை.

ராஜேஸ்வரி பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷன்காரி. புருஷன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. வீட்டில் ஒரு மகள், ஒரு பசு. அந்த டிவிஷனில் பல வீட்டில் மாடு உண்டு. கறக்கிற பாலைக் காலையில் கீழே டவுனில் இருக்கும் பால் நிலையத்தில் கொடுக்க வேண்டும். லொறி வந்து எடுத்துக்கொண்டு போகும். முன்பெல்லாம் ஒரு திரீவீல்காரர் எல்லார் பாலையும் சேர்த்து இறக்கிக் கொடுத்தார். பெட்ரோல் இல்லாமல் போனபோது அவர் வருவதை நிறுத்தினார். பெட்ரோல் வந்த பிறகும் அவர் வரவில்லை, வேறு ஊருக்குப் போய்விட்டார். சிலர் பாலை வாளியில் ஊற்றித் தலையில் வைத்து இறக்கிப் பார்த்தார்கள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற பொம்பளைக்கு, காலையில் பெரட்டில் பேர் பதியுமுன் கீழே போய் ஏறிவர நேரம் ஏது? இரண்டு வீட்டில் மாட்டையே விற்றுவிட்டார்கள்.

அவள் என் கராஜுக்கு வந்த அன்று மழை. நனைந்துகொண்டே ஒரு சைக்கிளை பஸ் ஸ்டாண்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். ஜப்பானிலிருந்து கொண்டுவந்து விற்கிறார்களே, அந்தப் பழைய சைக்கிள்களில் ஒன்று.

"அண்ணே, இதுல மோட்டர் பூட்டிக் குடுப்பீங்களா? ரெண்டு பால் கேனு தாங்கணும்."

"யார் ஓட்டப் போறது?"

"நாந்தான்."

"உனக்கு சைக்கிள் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. பழகிக்கிறேன்."

நான் மேலும் கீழும் பார்த்தேன். அவள் விடவில்லை. பால் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பண்டார மாத்தயா, அதாவது பண்டார ஐயா, முடிவாகச் சொல்லிவிட்டாராம். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து தினமும் லொறிக்கு முன்னால் பால் வந்தால் சரி. வராவிட்டால் மேல் டிவிஷனை விட்டுவிட்டு வேறு தோட்டத்துப் பாலை எடுத்துக்கொள்வார். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

"அந்த பசுவுலதாண்ணே எம் மகளு படிக்கிது" என்றாள். "நான் மட்டுமில்ல. மேல இருக்கிற அத்தன மாட்டுக்காரங்களும் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

சைக்கிளைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். பார்க்க அவலட்சணம். பெயின்ட் உரிந்து, சீட் கிழிந்து, செயின் துரு. ஆனால் உடம்பு கனத்த இரும்பு, எங்கும் வெடிப்பில்லை. பின்னால் ஸ்பிரிங் கிடையாது, அதனால் கேன் வைக்கச் சட்டம் பூட்டலாம். பின்சக்கரத்தின் அச்சு உட்காருகிற பிளவு நல்ல தடிப்பு. மோட்டர் முறுக்குகிற முறுக்கில் அந்த இடம்தான் முதலில் விரியும், அதனால் அதை எப்போதும் விரலால் பிடித்துப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரத்துக்கு ரப்பர் பிரேக். இதைவிட நல்ல தாய்வண்டி எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. "நல்ல சைக்கிள்மா" என்றேன். அவள் அப்போதுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பாலின் விசேஷம் என்னவென்றால், ஏறும்போது கேன் காலி, இறங்கும்போது கேன் நிறைவு. கனம் எல்லாம் இறக்கத்தில். அதனால் நான் நன்றாக யோசித்து, தானே பிடித்து இழுக்கிற வகை மோட்டரைத் தேர்ந்தெடுத்தேன். உங்களுக்குத் தெரியும், பிரேக் லீவரைத் தொட்டதும் அந்த மோட்டர் ஓடுவதை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பிடிக்கும். பிடிக்கிறபோது வருகிற கரண்டை பெட்டரிக்கே திருப்பி அனுப்பும். இறக்கத்தில் பிரேக் ரப்பர் தேயாது, டிஸ்க் சூடேறாது. கராஜுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் தண்ணீர்க் கேனோடு பல தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். வெண்ணெய் போல வந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ராஜேஸ்வரி அதற்குள் தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் சைக்கிள் பழகியிருந்தாள். லயமே வேலியில் நின்று வேடிக்கை பார்த்ததாம். பக்கத்து வீட்டு லெட்சுமி, "பாலு வருதோ இல்லையோ, நமக்கு சர்க்கஸு வந்துருச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். லெட்சுமிக்கும் ஒரு மாடு உண்டு, சிரித்தாலும் அவளுக்கும் பயம் இருந்திருக்கும்.

ஒரு வழக்கத்தை நான் கடைசிவரை விடவில்லை, நீங்களும் விடாதீர்கள். வண்டியைக் கராஜ் வாசலில் ஒப்படைக்கக் கூடாது. அவரவர் ரோட்டில்தான் ஒப்படைக்க வேண்டும். அதனால் அந்தத் திங்கட்கிழமைக்கு முதல்நாளே சைக்கிளை லொறியில் ஏற்றி மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோனேன். கிட்டோடு வந்த தாளில் முதல் தடவை பெட்டரியை முழுதாக ஏற்றச் சொல்லியிருந்தது. ராஜேஸ்வரியின் காம்பரா அறையில் பிளக்கைக் குத்திவிட்டு, நான் லெட்சுமி வீட்டில் படுத்துக்கொண்டேன்.

காலையில் பனி கலையாத நேரம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பால் வந்துகொண்டிருந்தது, ஒருத்தி செம்பில், ஒருத்தி வாளியில், ஒருத்தி பிளாஸ்டிக் போத்தலில். ராஜேஸ்வரி துணி கட்டி வடித்து இரண்டு கேனையும் கழுத்துவரை நிரப்பி மூடினாள். பெட்டரியில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. கேனைக் கட்டப் போனவளை நான் மறித்தேன்.

"பாலை அப்புறம் கட்டலாம். மொதல்ல நான் வெறும் வண்டியோட அந்த வளைவு வரைக்கும் எறங்கிப் பாத்துட்டு வாறேன்."

"நேரமில்லண்ணே, லொறி போயிரும்."

"வளைவு வரைக்கும்தாம்மா."

லயத்தை விட்டதும் ரோடு சட்டென்று விழுகிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தேயிலை, அதற்குக் கீழே ஆறு. முதல் வளைவில் ஒரு மாடசாமிக் கல், யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். நான் உருண்டு கொஞ்சம் வேகம் வந்ததும் லீவரைத் தொட்டேன். மோட்டர் பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். ஒன்றுமில்லை. கராஜ் மேட்டில் என் சட்டையைப் பிடித்து இழுத்தது போல் இழுத்த மோட்டர், இங்கே எனக்கென்ன என்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. முன்பிரேக்கை இறுக்கினேன், ஈரத்தில் அது கத்தியது. பின்பிரேக் ரப்பர் வழுக்கியது. வளைவு வந்துகொண்டே இருந்தது. ஆற்றுப்பக்கம் பார்க்கவே கூடாது என்று ஒரு எண்ணம் மட்டும் ஓடியது. ஹேண்டிலை மலைப்பக்கம் திருப்பி, ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விட்டேன். சைக்கிளும் நானும் மண்சுவரில் போய் மோதி விழுந்தோம்.

முழங்கை கிழிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. சைக்கிளுக்கும் ஒன்றுமில்லை. கானுக்குள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். பின்னால் இரண்டு கேன் பால் இருந்திருந்தால்? ஓட்டியது அவளாக இருந்திருந்தால்? நான் பயந்துபோனேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன். எல்லோரும் என் முழங்கையைத்தான் பார்த்தார்கள். ராஜேஸ்வரி மட்டும் கேனைப் பார்த்தாள்.

"என்னாச்சுங்கண்ணே?"

"மோட்டர் புடிக்கல. ஏன்னு தெரியல."

"கைப் பிரேக்கு இருக்குல்ல? மெதுவா எறங்கிக்கிறேன்."

"வேணாம்மா."

"நீங்கதானே செஞ்சு குடுத்தீங்க! இப்ப வந்து வேணாங்கிறீங்க. இன்னைக்கு போகலேன்னா பண்டார மாத்தயா நம்ம டிவிஷன விட்ருவாரு. இந்தா நிக்கிறாங்களே, இவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

அவள் ஹேண்டிலை ஒரு பக்கம் பிடித்தாள், நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். பெட்டரிச் சாவி என் சட்டைப் பையில். அந்த நிமிடத்தில் என் வாயில் என்னென்னவோ வந்தது. மெதுவாகப் போனால் போகலாம் என்று சொல்லத் தோன்றியது. அரைக் கேன் மட்டும் கட்டு என்று சொல்லத் தோன்றியது. நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றும் தோன்றியது. எல்லாமே என் மானத்தைக் காப்பாற்றுகிற பேச்சு. நான் பூட்டிய வண்டி முதல் நாளே நின்றுவிட்டது என்று அத்தனை பேர் பார்க்கிறார்களே, அந்தக் கூச்சம்.

இந்த இடத்துக்குத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கூட்டம் சுற்றி நிற்கும், நேரம் ஓடும், வாடிக்கையாளர் கண் கலங்கி நிற்பார். அப்போது எல்லாம் ஒரே முடிச்சாகத் தெரியும். ஒரு மூச்சு விட்டு அதைப் பிரித்துப் பாருங்கள். கீழே போய்ச் சேர வேண்டியது எது? பால். சைக்கிள் இல்லை. பாலுக்குத்தான் லொறி, பாலுக்குத்தான் பண்டார மாத்தயா. சைக்கிள் நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம். நான் அதுவரை இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ராஜேஸ்வரி, சைக்கிள் இங்கயே கெடக்கட்டும். குறுக்குப் பாதையில பாலை தூக்கிக்கிட்டு எறங்குவோம். நான் ஒரு கேனு."

"இந்தக் கையோடயா?"

"மத்த கை இருக்குல்ல!"

லெட்சுமி அதுவரை சிரிக்காமல் நின்றவள், முந்தானையை இடுப்பில் சொருகினாள். "கணக்கப்புள்ள கிட்ட நாளைக்கு வாங்கிக் கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கேனின் காதைப் பிடித்தாள். பேர் பதியாவிட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு, அதைப் பற்றி அவள் அதற்கு மேல் பேசவேயில்லை.

தேயிலைக்கு நடுவே படி படியாக விழுகிற குறுக்குப் பாதை அது. ஒரு கேனை ராஜேஸ்வரியும் லெட்சுமியும், ஒரு கேனை நானும் கூட்டத்தில் நின்ற ராஜேஸ்வரியின் கொழுந்தனும் தூக்கினோம். அட்டை கடித்ததைப் பார்க்கக் கூட நேரமில்லை. நாங்கள் டவுனில் இறங்கியபோது லொறிக்காரர் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். ராஜேஸ்வரி கேனை விட்டுவிட்டு "மாத்தயா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். பண்டார மாத்தயா வெளியே வந்து எங்கள் கோலத்தைப் பார்த்தார். சேறு, இரத்தம், வியர்வை. லொறிக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார், கதவு திறந்தது. பிறகு அவளைப் பார்த்து, "ஹரி நங்கி" என்றார். சரி தங்கச்சி என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் ராஜேஸ்வரி அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அடுத்த நாள் பாலையும் அப்படித்தான் இறக்கினார்கள். நான் அட்டனுக்குத் திரும்பவில்லை. மேலே உட்கார்ந்து சைக்கிளைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு வயரும் சரியாக இருந்தது, சுவிட்ச் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கும்போது ஒன்று வேலை செய்யாவிட்டால் அதைவிடக் கடுப்பு வேறில்லை. சாமானைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நடந்ததைப் பார்த்தேன். கராஜில் பிடித்தது, இங்கே பிடிக்கவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கராஜ் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே நான் எப்போதும் முதலில் ஏறினேன், பிறகுதான் இறங்கினேன். இங்கே லயம் உச்சியில். இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, முதல் வேலையே இறக்கம்.

சைக்கிளைக் கிளப்பி லயத்துக்கு மேலே கோயில் மேட்டுக்கு ஒரு தடவை ஏறினேன். திரும்பிப் பயந்து பயந்து கொஞ்ச தூரம் இறங்கி லீவரைத் தொட்டேன். லேசாகப் பிடித்தது. இன்னும் சில தடவை ஏறிவிட்டு வந்து தொட்டேன். நன்றாகவே பிடித்தது. அப்போதுதான் விளங்கியது. மோட்டர் பிடிக்கும்போது வருகிற கரண்ட் பெட்டரிக்குள் போக வேண்டும். பெட்டரி கழுத்துவரை நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை. இடமில்லாவிட்டால் கன்ட்ரோலர் அந்தப் பிடியையே நிறுத்திவிடும், பெட்டரியைக் காப்பாற்ற. சமதரையில் உட்கார்ந்து இதைச் செய்தவர்களுக்கு, ஒரு மனுஷி உச்சியில் குடியிருந்து, முழுச் சார்ஜோடு, முழுப் பாலோடு, கண் விழித்ததும் பள்ளத்தில் இறங்குவாள் என்று எப்படித் தோன்றும்? நம் சனத்துக்கு மட்டுமே வருகிற ஆபத்து அது. நாம்தான் யோசிக்க வேண்டும்.

ராஜேஸ்வரியிடம் சொன்னேன். அவள் நான் பேசி முடிக்குமுன், "அப்ப அரவாசி மட்டும் சார்ஜு போட்டா சரிதானே?" என்றாள்.

"சரிதான். ஆனா நீ தூங்கிட்டேன்னா? மக மறந்துட்டான்னா? ஒருநாள் மறந்தா போதும்."

யோசித்துப் பார்த்து வேறு வழி கண்டேன். மேலே சார்ஜ் போடவே கூடாது. கீழே பால் நிலையத்தில்தான் போட வேண்டும். பாலைக் கொடுத்துவிட்டு, பெட்டரியைப் பிளக்கில் வைத்துவிட்டு, டவுனில் சாமான் வாங்கி முடித்து, பிறகு ஏறி வீட்டுக்கு வந்தால் அந்த ஏற்றத்திலேயே பெட்டரி இறங்கிவிடும். காலையில் இறங்கும்போது இடம் தானாக இருக்கும். யாரும் எதையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. சார்ஜரைக் கையோடு கொண்டுபோய்ப் பண்டார மாத்தயாவிடம் ஒரு பிளக் கேட்டேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், "பால் மேலேருந்து வாறது, கரண்ட் கீழேருந்து போறது. நல்லம்" என்று சிரித்தார்.

அதோடு விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மோட்டர் பிடிக்கிறது என்று நம்பி மற்ற இரண்டு பிரேக்கையும் சும்மா விட முடியாது. பின்பிரேக்குக்கு நல்ல ரப்பர் மாற்றினேன். தண்ணீர்க் கேனோடு அவளையே பலமுறை இறங்க வைத்தேன். கடைசியாக ஒன்று சொன்னேன். நம் ரோடுகளில் வண்டிக்காரர்கள் இறக்கம் தொடங்கும் இடத்தில் சாமிக்கல்லில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தானே போவார்கள்?

"மாடசாமிகிட்ட ஒருநாளும் நிக்காம போகாத. கல்லு வாறதுக்கு முன்னால, மெதுவா உருளயிலேயே மூணு பிரேக்கையும் தனித்தனியா புடிச்சுப் பாரு. மூணும் புடிச்சாத்தான் கீழ எறங்கணும். ஒண்ணு புடிக்கலேன்னாலும் அங்கயே எறங்கித் தள்ளு."

"புடிக்கலேன்னா சாமி கோவிச்சுக்கிட்டாருன்னு அர்த்தமா?"

"இல்ல, நான் கோவிச்சுக்குவேன்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு அவள் தினமும் போனாள். பண்டார மாத்தயா மேல் டிவிஷனை விடவில்லை. மாட்டை விற்ற இரண்டு வீட்டில் ஒரு வீடு கன்று ஒன்று வாங்கியதாகக் கேள்விப்பட்டேன்.

ஒரு மழைக்காலக் காலை. கராஜைத் திறந்து பிளேன்டி கூடக் குடிக்கவில்லை, போன் அடித்தது. ராஜேஸ்வரி.

"அண்ணே, முன் பிரேக்கு கேபிளு அந்துருச்சு."

போனைக் காதோடு அழுத்தினேன். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. "கல்லுகிட்டயா?"

"இல்லண்ணே, அங்க நல்லாத்தான் புடிச்சிச்சு. கீழ ஆத்து வளைவுல அந்துச்சு."

அந்த வளைவு எனக்குத் தெரியும். அங்கே மலைப்பக்கம் கான் கூடக் கிடையாது. "விழுந்துட்டியா? இப்ப எங்கம்மா இருக்க?"

"வளைவுலதான். நிக்கிறேன்."

"என்னது?"

"நிக்கிறேண்ணே. மோட்டரு இழுத்துப் புடிச்சிச்சு, கடைசில பின் பிரேக்கு. நான் நிக்கிறேன், சைக்கிளும் நிக்குது, பால் ஒரு சொட்டு சிந்தல." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவள் குரலை உயர்த்தினாள். "நான் இப்பிடியே தள்ளிக்கிட்டு போயிருறேன், லொறி போயிரும். நீங்க நாளைக்கு நல்ல கேபிளா எடுத்துக்கிட்டு வாங்க!"

போனை வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ பேர் என்னிடம் ஏறுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஏறிவிட்டது என்று எத்தனையோ பேர் சந்தோஷமாகப் போன் பண்ணியிருக்கிறார்கள். நிற்கிறேன் என்று சொல்லக் கேட்டது அன்றைக்குத்தான்.

சரி. வாசலில் சாய்த்திருக்கும் அந்தச் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தாயிற்றா? ஸ்டிக்கரைச் சுரண்டியாயிற்றா? கொண்டுவந்தவரின் வீடு மேட்டிலா பள்ளத்திலா என்று கேட்டாயிற்றா? கேட்டாயிற்றென்றால் கத்தியை எடுங்கள், பெட்டியைப் பிரிக்கலாம்.